பட்டறை பதில்கள்: நட்டை முடுக்கினால் மட்டும் பிரேக் வந்துவிடுமா?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பிரேக் பற்றியவைதான் அதிகம். எல்லாமே பழைய டிரம் பிரேக் வண்டிகள். தண்டையார்பேட்டையில் என் பட்டறைக்கு வரும் வண்டிகளும் பெரும்பாலும் அப்படித்தான். பத்து வயது, இருபது வயது ஆனவை. அவற்றை வைத்துத்தான் ஒரு வீடு சாப்பிடுகிறது. அதனால் இந்த இதழ் முழுக்கப் பிரேக்குக்கே ஒதுக்கிவிட்டேன். முதல் கடிதத்துக்கு மட்டும் பதில் நீளமாக இருக்கும். பொறுமையாகப் படியுங்கள்.

கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு வாசகர்: அண்ணா, வணக்கம். அப்பா ஓட்டிய 2004 மாடல் ஹீரோ ஹோண்டா ஸ்பிளெண்டர் இப்போது என்னிடம் இருக்கிறது. காலையில் அதில் தண்ணீர் கேன் போடுகிறேன். பின் பிரேக் பெடல் அடி வரைக்கும் போகிறது, வண்டி மெதுவாகத்தான் நிற்கிறது. தெருமுனை மெக்கானிக் மூன்று முறை பின்னால் உள்ள நட்டை முடுக்கிக் கொடுத்தார். நான்காவது முறை போனபோது முடுக்க மரையே மிச்சமில்லை என்று சொல்லி, பிரேக் ஆர்மைக் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டினார். ஒரு வாரம் நன்றாக இருந்தது. இப்போது பிரேக் பிடித்தால் 'கர்ர்' என்று சத்தம் வருகிறது. காலை எடுத்த பிறகும் சில நேரம் வீல் இறுக்கமாகவே இருக்கிறது. மறுபடியும் முடுக்கலாமா, ஷூ மாற்ற வேண்டுமா? நானே செய்ய முடியுமா?

தம்பி, முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஷூ மாற்றும் வரை அந்த வண்டியை எடுக்காதீர்கள். கேன் ஏற்றாமல்கூட ஓட்ட வேண்டாம். நான்கு கேன் என்றாலே 80 கிலோ, பின்னால் ஓர் ஆளை உட்காரவைத்த கணக்கு. இரண்டு நாள் அண்ணன் தம்பி யாருடைய வண்டியையாவது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், உங்கள் மெக்கானிக் செய்த அந்த நான்காவது வேலையை நானும் ஒரு காலத்தில் செய்திருக்கிறேன். 1996. ராயபுரத்தில் ஒரு மேஸ்திரியிடம் வேலை கற்றுக்கொண்டிருந்தேன், எனக்கு இருபது வயது. காசிமேட்டில் மீன் எடுத்து வண்டியில் ஐஸ் பெட்டி கட்டி விற்கிற ஒருவர் வந்தார். விடியற்காலை நான்கரை மணி, மேஸ்திரி இன்னும் வரவில்லை. "தம்பி, பிரேக் கொஞ்சம் முடுக்கிக் கொடு, லோடு எடுக்கணும்" என்றார். நட்டில் மரை இல்லை. ஆர்மை ஒரு பல் தள்ளிப் போட்டேன். பிரேக் ஜம்மென்று பிடித்தது. அவர் ஐந்து ரூபாய் கொடுத்தார், எனக்குப் பெருமையாக இருந்தது. பன்னிரண்டு நாள் கழித்து கல்மண்டபம் அருகே மாடு குறுக்கே வந்ததும் அவர் பிரேக்கை அழுத்தியிருக்கிறார். பின் வீல் பூட்டிக்கொண்டது, காலை எடுத்தும் விடவில்லை. பெட்டியோடு சாய்ந்து விழுந்ததில் தோள்பட்டை எலும்பு முறிந்துவிட்டது. மூன்று மாதம் அவரால் பெட்டி தூக்க முடியவில்லை. என் மேஸ்திரி என்னைத் திட்டவில்லை. அந்த வீலைக் கழற்றி என் கையில் கொடுத்து, "என்ன ஆச்சுன்னு நீயே பார்த்துச் சொல்" என்றார். பார்த்தேன். கேம் புரண்டு குறுக்கே நின்றிருந்தது. அந்தக் கேம் இன்றும் என் மேஜை டிராயரில் இருக்கிறது. வேலை கற்க வரும் பையன்களுக்கு முதல் நாள் அதைத்தான் காட்டுகிறேன்.

கேம் புரள்வது என்றால் என்ன? ஒரு தீப்பெட்டியை இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் தட்டையாகப் பிடித்துக்கொள்ளுங்கள். கைகள்தான் பிரேக் ஷூ, தீப்பெட்டிதான் கேம். தீப்பெட்டியை மெல்லத் திருப்பினால் கைகள் விலகும். வீலின் நடுவில் கிண்ணம் மாதிரி இருக்கும் டிரம்முக்குள் நடப்பது அதுதான். நீங்கள் பெடலை அழுத்தும்போது ராடு ஆர்மை இழுக்கிறது, ஆர்ம் கேமைத் திருப்புகிறது, கேம் இரண்டு ஷூக்களையும் விரித்து டிரம்மின் உள்சுவரில் அழுத்துகிறது. ஷூவின் மேல் ஒட்டியிருக்கும், டிரம்மில் உரசித் தேய்கிற பட்டைதான் லைனிங். அது புதிதாக இருந்தால் கொஞ்சம் திருப்பினாலே போதும். லைனிங் தேயத் தேய அதிகம் திருப்ப வேண்டியிருக்கும். தீப்பெட்டி முழுக்க நிமிரும் நிலைக்கு வந்துவிட்டால் அதற்கு மேல் எவ்வளவு திருப்பினாலும் கை விலகாது. இன்னும் கொஞ்சம் தள்ளினால் மறுபக்கம் சாய்ந்துவிடும், அல்லது நிமிர்ந்தபடியே சிக்கி நிற்கும். நீங்கள் எழுதியிருக்கிற அந்த 'விட்ட பிறகும் இறுக்கம்' இதற்கு ஆரம்பமாக இருக்கலாம்.

இதை முன்கூட்டியே சொல்வதற்கென்று வண்டி செய்தவர்கள் ஓர் அடையாளம் வைத்திருக்கிறார்கள். பிரேக் ஆர்முக்கு அடியில், கேம் தண்டில், ஒரு சின்ன அம்புத் தகடு இருக்கும். ஷூக்களைத் தாங்கி டிரம்மை மூடியிருக்கும் பேனல் பிளேட்டில் ஒரு முக்கோணக் குறி வார்த்திருக்கும். பெடலை நன்றாக அழுத்திப் பிடிக்கும்போது அம்பு அந்தக் குறியைத் தொட்டுவிட்டால் ஷூவின் ஆயுள் முடிந்தது என்று அர்த்தம். வீலைக் கழற்றவே வேண்டாம், குனிந்து பார்த்தால் போதும். அம்புத் தகட்டில் ஒரு பல் மட்டும் அகலமாக இருக்கும், அதனால் அது சரியான இடத்தில்தான் உட்காரும். ஆர்மைத் தள்ளி மாட்டினாலும் அம்பு பொய் சொல்லாது. ஆனால் பல பட்டறைகளில் அந்தத் தகட்டையே தூக்கி எறிந்துவிடுகிறார்கள். உங்கள் வண்டியில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொரு விஷயம், ஆர்முக்கும் ராடுக்கும் இடையிலுள்ள கோணம். பிரேக் முழுக்கப் பிடித்த நிலையில் இரண்டும் கிட்டத்தட்டச் செங்குத்தாக நிற்க வேண்டும். அப்போதுதான் உங்கள் கால் பலம் முழுதாகப் போய்ச் சேரும். ஆர்ம் அதைத் தாண்டி முன்னால் சாய்ந்துவிட்டால், நீங்கள் எவ்வளவு மிதித்தாலும் பாதி பலம் வீண். பெடல் கடினமாக இருக்கும், வண்டி நிற்காது.

சரி, நீங்களே செய்யலாமா? செய்யலாம். பொறுமையும், அளவான ரிங் ஸ்பேனர்களும், கூட ஓர் ஆளும் வேண்டும். முதல் தடவை மட்டும் தெரிந்தவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டியை சென்டர் ஸ்டாண்டில் சமதரையில் நிறுத்துங்கள். பிரேக் ராடின் நட்டைக் கழற்றி ராடை வெளியே எடுங்கள். அதிலிருக்கும் ஸ்பிரிங்கும் சின்ன உருளைப் பின்னும் உருண்டு ஓடிவிடும், ஒரு கிண்ணத்தில் போட்டுவையுங்கள். அடுத்தது டார்க் ராடு. பேனல் பிளேட்டையும் ஸ்விங் ஆர்மையும் இணைக்கிற தகடு அது. அதன் நட்டில் ஒரு ஸ்பிளிட் பின் குத்தியிருக்க வேண்டும். என்னிடம் வரும் வண்டிகளில் பாதியில் அந்தப் பின் இருப்பதில்லை, சிலவற்றில் அதற்குப் பதில் செப்புக் கம்பி முறுக்கியிருக்கும். அந்த நட்டு கழன்று விழுந்தால் பிரேக் பிடிக்கும்போது பேனல் பிளேட்டே வீலோடு சேர்ந்து சுற்றிவிடும். புதுப் பின் இரண்டு வாங்கி வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். பிறகு ஆக்ஸில் நட்டைக் கழற்றி ஆக்ஸிலை உருவினால் வீல் வந்துவிடும். ஸ்பிளெண்டரில் ஸ்பிராக்கெட்டும் செயினும் ஸ்விங் ஆர்மிலேயே நிற்கும், செயினைத் தொட வேண்டியதில்லை. ஆக்ஸிலில் கோத்திருக்கும் சின்னக் குழாயான காலர் எந்தப் பக்கம் இருந்தது என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பேனல் பிளேட்டை வெளியே எடுத்ததும் கறுப்புத் தூள் கொட்டும். வாயால் ஊதாதீர்கள். ஏர் பிடிக்கவும் வேண்டாம். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும், அந்தத் தூள் நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. மூக்கில் நல்ல மாஸ்க் கட்டிக்கொண்டு ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைக் கவரில் கட்டிப் போடுங்கள். நாங்கள் சின்ன வயதில் இதை ஊதி ஊதித்தான் வேலை செய்தோம். என் பட்டறையில் இப்போது யாரும் ஊதக் கூடாது.

இனிப் பாருங்கள். புது ஷூவில் லைனிங் சுமார் 4 மில்லிமீட்டர் கனம் இருக்கும். மிக மெல்லிய இடத்தில் 2 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றிவிட வேண்டும். உங்கள் 'கர்ர்' சத்தத்தை வைத்துச் சொல்கிறேன், லைனிங் தீர்ந்து ஷூவின் அலுமினியமே டிரம்மில் உரசிக்கொண்டிருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியானால் டிரம்மில் கீறல் விழுந்திருக்கும். விரல் நகத்தைக் குறுக்கே ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டாமல் போனால் பரவாயில்லை. பள்ளம் பள்ளமாகத் தட்டினால் லேத்தில் கொடுத்து லேசாகக் கடைய வேண்டும். உங்கள் வண்டியின் டிரம் 130 மில்லிமீட்டர். தேய்ந்தோ கடைந்தோ 131 வரை போகலாம், அதற்கு மேல் கூடாது. இந்த அதிகபட்ச அளவு ஹப்பின், அதாவது டிரம் இருக்கும் வீலின் நடுப்பகுதியின், உள்ளேயே வார்த்திருக்கும், துடைத்துவிட்டுப் படியுங்கள். பட்டறைக்காரரிடம் வெர்னியர் வைத்து இரண்டு மூன்று இடங்களில் அளக்கச் சொல்லுங்கள். அளவு தாண்டிய டிரம்மில் புது ஷூ போட்டாலும் கேம் அதிகமாகத் திரும்ப வேண்டியிருக்கும், நீங்கள் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பீர்கள். அந்த நிலைமை என்றால் ஹப் மாற்றிவிடுங்கள். புதுப்பேட்டையில் பழைய ஹப் வாங்குவதாக இருந்தால் அளக்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

லைனிங்கில் கனம் இருந்தும் பிரேக் பிடிக்காத வண்டிகள் உண்டு. அதற்கு இரண்டு காரணங்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். ஒன்று, லைனிங் கண்ணாடி மாதிரி பளபளத்துப் போயிருக்கும். 80 நம்பர் உப்புத்தாளால் குறுக்குவாட்டில் தேய்த்து மேல்பூச்சை எடுத்தால் சரியாகிவிடும். இன்னொன்று, பேரிங் கிரீஸ் கசிந்து லைனிங்கில் ஊறியிருக்கும். பெட்ரோல் ஊற்றிக் கழுவினால் காய்ந்த மாதிரி தெரியும், டிரம் சூடானதும் உள்ளேயிருந்து மறுபடி எண்ணெய் மேலே வரும். அந்த ஷூவைத் தூக்கிப் போட வேண்டியதுதான், கிரீஸ் கசியாமல் தடுக்கும் ஆயில் சீலையும் மாற்ற வேண்டும்.

ஷூவைக் கழற்றுவது சுலபம். இரண்டு ஷூவையும் ஸ்பிரிங்கோடு சேர்த்துப் புத்தகத்தை மூடுவது போல உள்பக்கம் மடக்கினால் வந்துவிடும். அப்புறம்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிற வேலை இருக்கிறது, கேமைக் கழற்றுவது. ஆர்மிலும் கேம் தண்டின் முனையிலும் ஒரு புள்ளி குத்தியிருக்கும். இரண்டு புள்ளிகளும் நேருக்கு நேர் இருப்பதுதான் சரியான நிலை. உங்கள் வண்டியில் அது இப்போது ஒரு பல் தள்ளி இருக்கும். ஆர்மைக் கழற்றி, கேமை உருவி, தண்டில் இருக்கும் துருவை மெல்லிய உப்புத்தாளால் எடுத்துத் துடையுங்கள். நம் பக்கம் கடல் காற்று. கொருக்குப்பேட்டையிலேயே இப்படி என்றால் எண்ணூர் பக்கத்து வண்டிகளில் கேமைச் சுத்தியல் இல்லாமல் எடுக்கவே முடியாது. துரு பிடித்த கேம் திரும்பி வராது, அதனாலும் வீல் இறுக்கமாகவே நிற்கும். சூடு தாங்கும் கிரீஸை விரல் நுனியில் தொட்டுத் தண்டிலும், கேமின் முகத்திலும், எதிர்ப்பக்கம் ஷூ சுழலும் பின்னிலும் மெல்லிய படலமாகத் தடவுங்கள். அதிகம் வைத்தால் சூட்டில் உருகி லைனிங்குக்கு வந்துவிடும். பிறகு அம்புத் தகடு, ஆர்ம், புள்ளிக்கு நேர் புள்ளி.

புது ஷூவோடு புது ஸ்பிரிங்கும் வாங்குங்கள். தளர்ந்த ஸ்பிரிங் ஷூவைத் திருப்பி இழுக்காது. ஷூவுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் சாலை வரை போகிறவர்கள் உண்டு, நம் பகுதியிலேயே நல்ல கடைகளிலும் கிடைக்கும். எங்கே வாங்கினாலும் லைனிங்குக்கும் அலுமினியத்துக்கும் நடுவே நகம் நுழைகிற இடைவெளி இருக்கிறதா என்று சுற்றிலும் பாருங்கள். இருந்தால் வாங்காதீர்கள். ஓடும்போது லைனிங் பெயர்ந்தால் வீல் பூட்டிக்கொள்ளும். இரண்டு ஷூவும் ஸ்பிரிங்கும் சேர்ந்து நீங்கள் ஒரு நாள் கேன் போடுகிற காசுக்குள் அடங்கிவிடும், தம்பி.

திரும்ப மாட்டும்போது ஒரு கைப்பழக்கம் சொல்கிறேன். என் மேஸ்திரி கற்றுக்கொடுத்தது. பிரேக் ராடையும் டார்க் ராடையும் மாட்டி, ஆக்ஸில் நட்டைக் கையால் மட்டும் திருகிவிட்டு, வீலை ஒரு சுற்றுச் சுற்றி, கூட இருப்பவரைப் பெடலை அழுத்தி அப்படியே பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அவர் காலை எடுக்காமல் இருக்கும்போது ஆக்ஸில் நட்டை முடுக்குங்கள். இரண்டு ஷூவும் டிரம்மின் நடுவில் தானே உட்கார்ந்துகொள்ளும். இதைச் செய்யாமல் முடுக்கினால் ஒரு ஷூ மட்டும் தொடும், புது ஷூ போட்டும் பிரேக் இல்லையே என்று புலம்புவீர்கள். பிறகு டார்க் ராடு நட்டை முடுக்கி, ஸ்பிளிட் பின். கடைசியாகத்தான் அந்த அட்ஜஸ்ட் நட்டு. பெடல் நுனியில் 20 முதல் 30 மில்லிமீட்டர் சும்மா இறங்க வேண்டும், அதற்குப் பிறகு பிடிக்க வேண்டும். வீலைக் கையால் சுற்றினால் தடையில்லாமல் சுற்ற வேண்டும். லேசாக எங்கோ உரசுகிற சத்தம் முதல் சில நாள் இருக்கும், பயப்பட வேண்டாம். பிரேக் லைட் எரிகிறதா என்றும் பாருங்கள்.

முதல் 200 கிலோமீட்டர் நிதானமாக ஓட்டுங்கள். லைனிங் டிரம்மின் வளைவுக்குப் படிய அவ்வளவு தூரம் ஆகும், அதுவரை பிரேக் கொஞ்சம் குறைவாகவே இருக்கும். சோதித்துப் பார்க்கக் கன்டெய்னர் லாரி ஓடுகிற எண்ணூர் விரைவுச் சாலைக்குப் போய்விடாதீர்கள். ஞாயிறு விடியலில் ஏதாவது காலி தெருவில் பாருங்கள். ஐந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இறங்கி ஹப் பக்கத்தில் கையை வையுங்கள். பிரேக்கே பிடிக்காமல் ஓட்டியும் தொட முடியாமல் சுட்டால் ஷூ உரசிக்கொண்டே வருகிறது, அட்ஜஸ்ட் நட்டை ஒரு சுற்றுத் தளர்த்துங்கள்.

முடித்துவிட்டு எனக்கு ஒரு கடிதம் போடுங்கள். உங்கள் அப்பா வண்டி எப்படி நிற்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.

திருவொற்றியூரிலிருந்து ஒரு வாசகி: பிள்ளைகளை ஸ்கூலில் விடப் பழைய ஸ்கூட்டி வைத்திருக்கிறேன். இரண்டு பக்கமும் டிரம் பிரேக். முன் பிரேக்கைத் தொட்டால் தூக்கி எறிந்துவிடும் என்று வீட்டுக்காரர் சொல்கிறார். ஏழு வருஷமாக இடது கை பிரேக் மட்டும்தான் பிடிக்கிறேன். இப்போது அது சரியாகப் பிடிப்பதில்லை. முன் பிரேக் உண்மையிலேயே ஆபத்தா?

அம்மா, ஏழு வருஷம் இரண்டு பேர் வேலையை ஒருவர் செய்தால் தேயத்தானே செய்யும். பின் ஷூவை மாற்றுங்கள், அதற்கு மேலே எழுதியதே பொருந்தும். ஆனால் முன் பிரேக் பற்றி உங்களிடம் கட்டாயம் பேச வேண்டும்.

வண்டி வேகம் குறையும்போது எடை எல்லாம் முன்னால் வந்து விழும். பஸ்ஸில் நின்றுகொண்டு வரும்போது டிரைவர் பிரேக் போட்டால் எல்லோரும் முன்னால் சாய்வதில்லையா, அதுதான். அந்த நேரத்தில் முன் டயர் தரையை நன்றாகக் கவ்வும், பின் டயர் லேசாகும். அதனால் வண்டியை நிறுத்துகிற பெரிய பலம் முன் பிரேக்கில்தான் இருக்கிறது. பின் பிரேக் மட்டும் பிடித்தால் நிற்கும் தூரம் மிகவும் அதிகமாகும், ஈரத்தில் பின் வீல் பக்கவாட்டில் வழுக்கும். முன்னால் பிள்ளை நின்றுகொண்டிருக்கும் வண்டிக்கு அந்தக் கூடுதல் தூரம் ரொம்பப் பெரிது. 125 சிசி வரை உள்ள புது வண்டிகளில் ஒரு பிரேக்கைப் பிடித்தாலே இரண்டு வீலும் பிடிக்கிற அமைப்பை 2019 ஏப்ரல் 1 முதல் கட்டாயமாக்கியதும் இதற்காகத்தான். உங்கள் வண்டியில் அது இல்லை, உங்கள் கைதான் அந்த வேலையைச் செய்ய வேண்டும்.

வீட்டுக்காரர் சொல்வதிலும் ஒரு உண்மை இருக்கிறது. திருப்பத்தில் சாய்ந்திருக்கும்போதோ, மணலிலோ, மீன் தண்ணீர் கொட்டிய ரோட்டிலோ முன் பிரேக்கை வெடுக்கென்று பிடித்தால் விழுவோம். அதனால் ஹேண்டில் நேராக இருக்கும்போது, இரண்டையும் சேர்த்து, எலுமிச்சம்பழம் பிழிகிற மாதிரி மெல்ல அழுத்திக் கூட்டுங்கள். பிள்ளைகள் இல்லாமல் ஒரு வாரம் தெருவிலேயே பழகுங்கள். அதற்கு முன் ஏழு வருஷம் தொடாத அந்த முன் பிரேக்கைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். கடற்கரைப் பக்கத்து வண்டி, கேபிளும் கேமும் துரு பிடித்து இறுகியிருக்கும். கேபிளைப் புதிதாகவே மாற்றிவிடுங்கள். லீவர் நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் சும்மா ஆட வேண்டும்.

பெரம்பூரிலிருந்து ஒரு வாசகர்: 1995 மாடல் யமஹா ஆர்எக்ஸ் 100. ஆசையாக எல்லா வேலையும் செய்தேன். முன் ரிம் புதிது, ஸ்போக்ஸ் புதிது, பிரேக் ஷூ புதிது. அதற்குப் பிறகுதான் முன் பிரேக் பிடித்தால் லீவர் துடிக்கிறது, ஹேண்டில் ஆடுகிறது. முன்பு இப்படி இல்லை. ஷூ சரியில்லையா?

ஷூவைச் சந்தேகப்பட வேண்டாம் சார். ஸ்போக்ஸ் கோத்தவர் ஒரு பக்கம் அதிகமாக இழுத்திருப்பார். ஸ்போக்ஸ் ஒவ்வொன்றும் ஹப்பை இழுத்துக்கொண்டேதான் இருக்கும். இழுப்பு சமமாக இல்லாவிட்டால் டிரம்மின் வட்டம் நூலிழை அளவு முட்டையாகிவிடும். ரிம்மில் பெண்டு இல்லாமல் நேராகச் சுற்றினாலும் உள்ளே டிரம் கோணியிருக்கலாம். முன் வீலைத் தரையிலிருந்து தூக்கிச் சுற்றிவிட்டு, லீவரை லேசாகத் தொட்டபடி கேளுங்கள். உரசுகிறது, விடுகிறது, உரசுகிறது என்று ஒரே இடத்தில் வந்தால் இதுதான்.

எல்லா ஸ்போக்ஸையும் ஸ்பேனரால் தட்டிச் சத்தம் கேட்டு, சமமான இழுப்புக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். பாதி வண்டிகளில் அத்தோடு தீர்ந்துவிடும். தீராவிட்டால் டிரம்மைக் கடைய வேண்டும், ஆனால் ஹப்பைத் தனியாகக் கழற்றிக் கடையக் கூடாது. தனியாக வட்டமாகக் கடைந்துவிட்டுத் திரும்ப ஸ்போக்ஸ் இழுத்தால் மறுபடி கோணும். ரிம், ஸ்போக்ஸ் எல்லாம் கோத்த முழு வீலையே லேத்தில் ஏற்ற வேண்டும். 18 அங்குல ரிம் சுற்ற இடமுள்ள பெரிய லேத் எல்லா இடத்திலும் இருக்காது, போன் போட்டுக் கேட்டுவிட்டுப் போங்கள். கடைந்த அளவு ஹப்பில் உள்ள எண்ணைத் தாண்டக் கூடாது. இதற்கெல்லாம் முன்னால் ஹேண்டில் கழுத்தில் இருக்கும் பேரிங்கான கோன் செட்டில் ஆட்டம் இருக்கிறதா என்று ஒரு தடவை ஆட்டிப் பார்த்துவிடுங்கள், அதுவும் இதே மாதிரி துடிக்கும். வீலைத் திரும்ப மாட்டும்போது பேனல் பிளேட்டில் இருக்கும் பள்ளம் ஃபோர்க்கில் இருக்கும் கட்டையில் சரியாக உட்கார்ந்ததா என்று பார்த்துவிட்டு ஆக்ஸிலை முடுக்குங்கள். உட்காராவிட்டால் முதல் பிரேக்கிலேயே பேனல் சுற்றிக் கேபிள் அறுந்துவிடும்.

வியாசர்பாடியிலிருந்து ஒரு வாசகர்: மழையில் கணேசபுரம் சுரங்கப்பாதைத் தண்ணீரில் போய் வந்தால் பிரேக் சுத்தமாக இல்லை. மறுநாள் காலை வண்டியே நகர மாட்டேன் என்கிறது. ஒவ்வொரு மழைக்கும் கழற்ற வேண்டுமா?

வேண்டாம். தண்ணீரை விட்டு வெளியே வந்ததும் மெதுவாக ஓட்டியபடி, பின்னால் வண்டி இல்லை என்று பார்த்துக்கொண்டு, இரண்டு பிரேக்கையும் லேசாகத் தொட்டுத் தொட்டு விடுங்கள். உரசும் சூட்டில் லைனிங் காய்ந்து பிரேக் திரும்பும். அப்படிக் காய வைக்காமல் இரவு நிறுத்தினால் டிரம்மில் துரு பூத்து ஷூ அதோடு ஒட்டிக்கொள்ளும். காலையில் வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினால் 'டக்' என்று விடும், ஆக்ஸிலரேட்டரை முறுக்கி இழுக்காதீர்கள். மழைக்காலம் முடிந்ததும் ஒரு முறை திறந்து கேமுக்குக் கிரீஸ் வைத்தால் போதும்.

வீலின் நடுப்பகுதி மூழ்க வண்டி நின்றிருந்தால் மட்டும் உடனே திறக்க வேண்டும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர், எர்ணாவூர் பக்கம் ஆற்றுத் தண்ணீரோடு எண்ணெயும் கலந்து தெருவுக்குள் வந்ததே, அப்போது மூழ்கிய வண்டிகள் என் பட்டறைக்கு வந்தன. வெளியே கழுவித் துடைத்துப் புதுசு மாதிரி கொண்டுவந்தார்கள். திறந்தால் லைனிங் முழுக்கக் கறுப்பு எண்ணெய். ஒரு ஷூவைக்கூடக் காப்பாற்ற முடியவில்லை. வலையும் படகும் போன வீடுகள் அவை, ஷூவுக்கு மட்டும் காசு வாங்கினேன்.

திருவொற்றியூரிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர்: 1986 மாடல் புல்லட் வைத்திருக்கிறேன். எங்கள் ஊரிலேயே செய்த வண்டி. பழைய ஷூவில் லைனிங் ரிவெட் அடித்திருக்கிறது. புது ஷூ வாங்குவதா, பழையதற்கே லைனிங் அடிப்பதா?

ஐயா, 1955இல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியாவின் வண்டி, உங்கள் தெருவுக்குப் பக்கத்திலேயே பிறந்தது. பார்க்க ஆசையாக இருக்கிறது. ஷூவின் அலுமினியத்தில் விரிசல் இல்லை, கேம் உட்காரும் முனை தேயவில்லை என்றால் பழையதற்கே லைனிங் அடித்துக்கொள்ளலாம். சில சமயம் கடையில் கிடைக்கும் புதியதை விடப் பழைய வார்ப்பு நன்றாக இருக்கும். ரிவெட்டின் தலை லைனிங்கின் மேல்மட்டத்துக்கு நன்றாகக் கீழே இறங்கியிருக்கிறதா என்று மட்டும் நீங்களே விரலால் தடவிப் பாருங்கள். மேலே நின்றால் கொஞ்சம் தேய்ந்ததும் ரிவெட் டிரம்மைச் சுரண்டும். லைனிங்கின் இரு ஓரங்களையும் அரத்தால் லேசாகச் சரித்துவிடச் சொல்லுங்கள், கீச்சுச் சத்தம் வராது.

மூலக்கடையிலிருந்து ஒரு வாசகர்: என் பழைய பஜாஜ் பாக்ஸரில் முன்னால் டிஸ்க் பிரேக் மாட்டித் தருவதாக ஒருவர் சொல்கிறார். மாட்டலாமா?

வேண்டாம் தம்பி. அந்த ஃபோர்க்கும் ஹப்பும் அந்த இழுப்புக்குச் செய்யப்படவில்லை. அதே பணத்தில் இரண்டு வீலுக்கும் ஷூ, ஸ்பிரிங், கேபிள், முன்னால் ஒரு நல்ல டயர் போட்டுவிட்டு மிச்சம் கையில் வைத்துக்கொள்ளலாம். டயர் வாங்கும்போது பக்கவாட்டில் இருக்கும் தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். நான்கு எண்களில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம்.